வானலைகளைத் துழாவும் கருவி

வைகையின் வடகரையிலுள்ள எங்கள் செல்லூர் கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. தறியிலே நாடா ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடித் திரும்புவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே வானொலி அலைவரிசைகளினூடே ஓயாது ஓடித் திரும்பும் கருவி ஒன்றுண்டு. அதனை ஸ்கேனர் என்பர். அலைதுழாவி என்று நான் தமிழில் சொல்லிக்கொள்வேன்.

நம் வீட்டு வானொலியில் ஒரு நிலையத்தைத் திருப்பி வைத்தால் அது அங்கேயே நிற்கும். அலைதுழாவியோ ஓர் அலைவரிசையில் கணநேரம் நின்று, பேச்சு உண்டா என்று பார்த்து, இல்லையேல் அடுத்ததற்குத் தாவும். இது எப்படி இயலுகிறது? கருவிக்குள்ளே ஓர் அலையாக்கி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அலை 118 மெகாஹெர்ட்ஸ் என்றும், உள்ளே எழும் அலை 128.7 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் கலந்தால் அவற்றின் வேறுபாடாகிய 10.7 கிடைக்கும். உள் அலையை 132.2 ஆக்கினால், அதே 10.7-க்கு 121.5 மெகாஹெர்ட்ஸ் வந்து சேரும். ஆகவே உள் அலையை மாற்றினாலே போதும். பிற உறுப்புகள் அப்படியே வேலை செய்யும். பழைய கருவிகளில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு படிகம் பொருத்த வேண்டியிருந்தது. பின்னர் வந்த மின்னணுச் சுற்றுகள் அத்தேவையை நீக்கின.

அலை எதுவும் வராதபோது எழும் இரைச்சலை அடக்குவதற்கு ஒரு வாயில் உண்டு. போதிய வலிமையுள்ள அலை வந்தால் வாயில் திறக்கும், துழாவலும் நிற்கும். பேச்சு முடிந்ததும் ஓட்டம் மறுபடி தொடங்கும்.

இனி, செல்லூர் மாடியிலிருந்து எவ்வளவு தூரம் கேட்கும்? மிகை அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், எல்லை ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். 9 மீட்டர் உயர மாடிக்கு 12 கிலோமீட்டர். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கோ 412 கிலோமீட்டர்! ஆதலால் தொலைவிலுள்ள விமானியின் குரலைப் பிடிக்கும் கருவிக்கு, அவருக்குத் தரையிலிருந்து வரும் பதில் எட்டாமற்போவதுண்டு. கொடைக்கானல் மலையுச்சியிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் பண்பலை, சமவெளியெங்கும் பரவுவதன் காரணமும் இதுவே.

விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை நடைபெறுகிறது. அது பண்பலையில் அன்றி, வீச்சுப் பண்பேற்றத்தில் அமைந்தது. பண்பலையில் வலிய குரல் மெலிந்த குரலை விழுங்கிவிடும். வீச்சுப் பண்பேற்றத்தில் இருவர் ஒருங்கே பேசினால் அந்த மோதல் காதுக்குத் தெரியும். உயிர் காக்கும் பணியில் இந்த வேறுபாடு சிறிதன்று. 121.5 மெகாஹெர்ட்ஸ் ஆபத்து அழைப்புக்கென ஒதுக்கப்பட்டது. 156.8 மெகாஹெர்ட்ஸ் கப்பல்களின் அழைப்புக்குரியது. கடல் மிகத் தொலைவில் இருப்பதால், செல்லூரில் அது சாதாரணமாகக் கேட்காது. மறைகுறியாக்கிய எண்முறைப் பேச்சையும் கைப்பேசி உரையாடலையும் அலைதுழாவி பிரித்தறியாது.

ஆயினும் காதில் விழுவதெல்லாம் நமக்குரியதாகிவிடாது. உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. பிறர் செய்தியை முறைகேடாக இடைமறிப்பதை 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தண்டனைக்குரியதாக்குகிறது. அண்டை வீட்டுக் கடிதம் தவறி நம் வாசலில் விழுந்தால், அதைப் பிரித்துப் படிப்பது நியாயமாகுமா?

நேர்மையான வழி ஒன்றுண்டு. தேர்வு எழுதி, அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அமெச்சூர் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர் குழுவினரும் சிற்றலை வழியே செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பினர். உறவினரின் கதி அறியாது தவித்தவர்களுக்கு அக்குரல் ஆறுதல் தந்தது. இக்கலையைக் கற்க விரும்பும் மாணவர்கள், அத்தகைய நாளில் பிறருக்குப் பயன்படும்படி கற்றுக்கொள்ள வேண்டுமென்பதே என் விருப்பம்.