தூரம் ஒன்றுதான், நேரம் காற்றின் கையில்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 15,300 கிலோமீட்டர். 2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தில் சேவையைத் தொடங்கியபோது, உலகிலேயே மிக நீண்ட இடைநில்லாப் பயணமாக அது ஆனது. அட்டவணைப்படி பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல்.

இந்தத் தூரத்தைப் பள்ளிக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். சாங்கி 104 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, நியூயார்க் 74 டிகிரி மேற்கில். கூட்டினால் 178, கிட்டத்தட்ட அரை உலகம். ஆகவே பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால், அது வடதுருவத்தை ஒட்டியே போகும். சாங்கியிலிருந்து துருவம்வரை 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க்வரை 49.4 டிகிரி. ஆக 138. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,318 வருகிறது.

ஆனால் விமானி பல நாட்களில் அந்த வழியில் போவதே இல்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றுதான் காரணம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் துருவ வழியில் 17 மணி நேரம். 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் 19 மணி நேரத்தைத் தாண்டிவிடும். அதே வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால், ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் பதினாறேகால் மணி நேரத்தில் போய்ச் சேரலாம். அதனால் நியூயார்க் போகும்போது பசிபிக் கடல் வழி, திரும்பும்போது அட்லாண்டிக் வழி என்று இரண்டு முறையும் கிழக்கு நோக்கியே பறப்பதுண்டு. அப்படிப் போய்த் திரும்பும் பயணி உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார். எனக்கு இது இன்றும் வியப்புதான்.

இவ்வளவு நீண்ட பயணங்களுக்கென்றே வந்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் ரகம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இருக்கைகளோ 161 மட்டுமே, சாதாரண எகானமி வகுப்பு கிடையாது. எடையைக் குறைத்தால்தான் இவ்வளவு தூரம் தாங்கும்.

காற்றைப் போலவே அரசியலும் நேரத்தை நீட்டும். 2022இல் ரஷ்யா தன் வான்வழியை மூடியதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்லும் ஃபின்ஏர் விமானங்களின் பயணம் ஒன்பதரை மணியளவிலிருந்து சுமார் 13 மணியாகக் கூடியது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, வழிதான் போயிற்று.

அட்டவணையில் உள்ள நேரம் முழுவதும் வானில் கழிவதும் அல்ல. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, மறுமுனையில் வந்து நிற்பதுவரை அதில் அடக்கம். பலர் தடுமாறுவது தேதியில். குளிர்காலத்தில் சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கைவிட 13 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. திங்கள் இரவு 10.30க்கு நியூயார்க்கில் கிளம்பி 18 மணி 50 நிமிடம் பயணம் செய்தால், சாங்கியில் இறங்கும்போது புதன் காலை 6.20. அங்கிருந்து சென்னைக்கு இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிடக் கூடாது.