காலிக் கப்பலின் அபாயம்

பெட்ரோல் நிறைந்த பீப்பாயைக் காட்டிலும் பெட்ரோல் தீர்ந்த பீப்பாயே அபாயம் மிக்கது என்றால் நம்மில் பலர் நம்பத் தயங்குவோம். வெல்டிங் பட்டறையில் வேலை செய்வோரைக் கேட்டால் தயங்காமல் ஆம் என்பர். எண்ணெய் திரவ நிலையில் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே காற்றுடன் கலந்து எரிகிறது. அந்தக் கலப்புக்கும் ஓர் அளவு உண்டு. நூறு பங்கில் ஆவி ஏறத்தாழ ஒரு பங்குக்குக் குறைந்தாலும் எரியாது. பத்துப் பங்குக்கு மிஞ்சினாலும் எரியாது. நிறைந்த பீப்பாயில் காற்றுக்கு இடமே இல்லை. தீர்ந்த பீப்பாயிலோ, எரிவதற்கு வேண்டிய அளவில் இரண்டும் கலந்து காத்திருக்கக்கூடும்.

இந்தப் பீப்பாயை எண்ணூறு அடி, ஆயிரம் அடி நீளத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்; அதுவே எண்ணெய்க் கப்பல். துறைமுகத்தில் வடம் பூட்டி நிற்கும்போது அதன் தொட்டிகள் ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், அல்லது காலியாகிக்கொண்டிருக்கும். நிரம்பும்போது, உள்ளே ஏறும் எண்ணெய் அங்கிருந்த ஆவியை வெளியே தள்ளுகிறது. இந்த ஆவி காற்றினும் கனமானது. ஆதலால் காற்றசைவு இல்லாத வேளையில் அது மேலே கலைந்து போகாமல், மேல்தளத்திலேயே கண்ணுக்குப் புலப்படாத போர்வை போலப் படிந்துவிடும். கப்பலின் கதவுகளும் சாளரங்களும் அடைத்திருக்க வேண்டும், தீப்பெட்டியும் சாதாரணக் கைவிளக்கும் கைப்பேசியும் மேல்தளத்துக்கு வரலாகாது, காற்று அடியோடு நின்றாலோ இடிமின்னல் நெருங்கினாலோ எண்ணெய் ஏற்றுவதை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் விதிகள் கண்டிப்பதற்கு இதுவே காரணம்.

1976ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் 'சான்சினேனா' என்னும் கப்பல் தன் எண்ணெயை இறக்கி முடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. காலிக் கப்பல் கடலில் நிலைகொள்ளாது. எனவே பாரத்துக்காகத் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொண்டிருந்தனர். எண்ணெய் செய்யும் வேலையை நீரும் செய்தது. வெளியே தள்ளப்பட்ட ஆவி தளத்தின் மேல் திரண்டது. எங்கிருந்தோ ஒரு பொறி. கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தது. ஒன்பது பேர் மாண்டனர்.

பொறியை முற்றிலும் ஒழிப்பது மனிதரால் ஆகாத காரியம். ஆகவே அறிஞர்கள் வேறு வழியை நாடினர்: எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவையே தொட்டியிலிருந்து விலக்கிவிடுவது. நாம் சுவாசிக்கும் காற்றில் அது நூற்றுக்கு 21 பங்கு. 11 பங்குக்குக் குறைந்தால் எண்ணெயாவி எரியாது. விதியோ ஒரு காப்பும் சேர்த்து, 8 பங்குக்கு மேற்படலாகாது என்கிறது. கப்பலின் கொதிகலன் புகையையே கழுவிக் குளிரவைத்துத் தொட்டிகளில் நிரப்புகிறார்கள். வீணாகப் போகும் புகை காவலனாகிறது! 1978இல் ஏற்பட்ட சர்வதேச உடன்பாடு பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த வாயு மனித உயிருக்கும் உதவாது. தொட்டிக்குள் சோதியாமல் இறங்கியவன் மீள்வதரிது.

பொறி எங்கிருந்தெல்லாம் பிறக்கிறது என்பதும் வியப்புக்குரியது. எண்ணெய் குழாயில் விரைந்தோடினாலே மின்னேற்றம் சேர்கிறது. அதனால்தான் மின்னேற்றத்தை எளிதில் இழக்காத எண்ணெய் வகைகளை, காப்பு வாயு இல்லாத தொட்டியில் ஏற்றும்போது, குழாய்வாய் எண்ணெயில் மூழ்கும்வரை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு மேல் விடுவதில்லை. ஏற்றி முடித்த பின்னும் அரைமணி நேரம் பொறுத்தே உலோக அளவுகோலை உள்ளே இறக்கலாம்.

மற்றொன்று, கேட்பதற்கு முரணாகத் தோன்றும். கப்பலையும் கரையையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் மின்சாரம் சமனாகிவிடும் என்று முன்னாளில் கருதினர். உண்மையில் கடல்நீரில் நிற்கும் கப்பலுக்கும் கரையின் இரும்பு மேடைக்கும் இடையே வலிய மின்னோட்டம் பாயக்கூடும். எண்ணெய்க் குழாயைக் கழற்றும் கணத்தில் அது பொறியாய்த் தெறிக்கும். இணைப்புக் கம்பி இதைத் தடுக்கப் போதாது, தானும் பொறி கிளப்பும். எனவே குழாயின் நடுவே மின்சாரம் கடத்தாத ஓர் இணைப்பு வளையத்தைப் பொருத்துவதே சரி என்று தெளிந்தனர். சேர்ப்பதில் அன்று, பிரிப்பதிலேயே பத்திரம்!

ஆவியும் பொறியும் மட்டுமே பகைகள் அல்ல. அயர்லாந்தின் பான்ட்ரி விரிகுடாவில் விட்டித் தீவு என்றொரு தீவு உண்டு. அதன் கரையிலிருந்து எட்டிக் கடலுக்குள் நின்ற மேடையில் 1979 ஜனவரி 8ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், 'பீட்டல்ஜூஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தது. ஐம்பது பேர் உயிரிழந்தனர். விசாரணை மன்றம் கண்ட காரணம்: அரித்து நலிந்திருந்த கப்பலின் உடல், பாரநீரைத் தொட்டிகளில் முறைகேடாகப் பங்கிட்டதால் எழுந்த விசை தாங்காமல் முறிந்தது, அதன் பிறகே தீயும் வெடிப்பும். ஆகவே எந்தத் தொட்டியில் எவ்வளவு, எந்த வரிசையில் என்று முன்னரே கணக்கிட்டு எழுதிவைப்பதும் தீத்தடுப்பு விதியே ஆகும். மேடையில் நின்றவர்களுக்குத் தப்பிச் செல்ல வழி இல்லாமற் போனதை நினைத்தால் நெஞ்சு கலங்குகிறது. கரைக்கு நடைபாதை இல்லாத மேடையில் உயிர்காப்புப் படகு இல்லாவிட்டால், தீயணைப்புக் கருவிகள் எத்தனை இருந்தென்ன?

இந்நாளில் முதல் துளி எண்ணெய் ஓடுமுன், கப்பல் அதிகாரியும் கரை அதிகாரியும் ஒரு நீண்ட வினாப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையொப்பமிடுகின்றனர். வேலை முடியும்வரை குறித்த இடைவெளிகளில் மீண்டும் பார்க்கின்றனர். ஒருவர் கொரியராக இருக்கலாம். மற்றவர் அராபியராக இருக்கலாம். இருவரும் எந்த மொழியில் பேசுவது, 'நிறுத்து' என்பதற்கு எந்தச் சொல், வானொலிக் கருவி பழுதானால் எந்தச் சைகை என்பனவற்றையும் அப்போதே முடிவு செய்துகொள்கிறார்கள். அதன் பிறகே குழாயின் அடைப்பான் திறக்கிறது.