கோழியும் எலியும் குரங்கும் காட்டிய தடுப்பூசி

மலேரியாத் தடுப்பூசி என்றதும் ஆப்பிரிக்கா நினைவுக்கு வரும். ஆனால் 1940களின் தொடக்கத்திலேயே, குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ஆய்வில் கோழிகளுக்கு அதைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஆம், கோழிக்கும் மலேரியா வரும். அதன் ஒட்டுண்ணி 1935-இல் இனங்காணப்பட்டது இலங்கைக் கோழிகளில்தான். ஆய்வகத்தில் அதைப் பரப்ப, டெங்குவுக்குப் பேர்போன ஏடிஸ் கொசுவே போதும்.

அந்த ஆய்வில் மல்லிகன், ரஸல், மோகன் ஆகியோர் கொசுவின் உடலிலிருந்து எடுத்த ஒட்டுண்ணிகளைச் செயலிழக்கச் செய்து கோழிகளுக்குச் செலுத்தினார்கள். பிறகு நோய்க்கொசுக்களைக் கடிக்கவிட்டார்கள். நோய் முழுதாக நிற்கவில்லை, கடுமை குறைந்தது.

எதற்கு இந்தச் சுற்றுவழி? மனிதரைக் கொல்லும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி சாதாரண எலியிலும் கோழியிலும் வளராது. ஆகவே அந்தந்த விலங்குக்கு உரிய மலேரியாவைக் கொண்டே சோதிக்க வேண்டும். எலிக்கான பெர்கை வகை 1948-இல் காங்கோவின் காட்டெலிகளில் கிடைத்தது. 1967-இல் நியூயார்க்கில் ரூத் நுசன்ஸ்வைக் குழுவினர் அந்த ஒட்டுண்ணிகளை எக்ஸ்-கதிரில் காட்டி எலிகளுக்கு ஏற்றினார்கள். கதிர்பட்டவை கல்லீரல் வரை போகும், அங்கே முதிர்ச்சி அடையாது. ஆனால் உடல் அவற்றை அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு கதிர்படாத ஒட்டுண்ணியைச் செலுத்தியபோது எலிகளில் பெரும்பாலானவை தப்பின.

மனிதரிடமும் இது பலித்தது, ஆனால் கதிர்பட்ட கொசுக்களின் ஆயிரம் கடி வேண்டியிருந்தது! ஊருக்கெல்லாம் அப்படிப் போட முடியுமா? அதனால் ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்தை மட்டும் பிரித்தெடுக்கும் பாதையில் இறங்கினார்கள்.

எலியை நம்பிக் கணக்குப் போடுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. பெர்கை எலியின் கல்லீரலில் இரண்டு நாளில் முதிரும், ஃபால்சிபாரம் மனிதரிடம் ஒரு வாரம் எடுக்கும். ஃபால்சிபாரத்தை ஏற்கும் ஏவோட்டஸ் குரங்கும் முழு உத்தரவாதம் தருவதில்லை. கொலம்பிய ஆய்வாளர் பட்டரோயோ உருவாக்கிய தடுப்பூசி 1987-இல் அக்குரங்குகளைக் காத்தது, பின்னர் காம்பியா, தாய்லாந்துக் குழந்தைகளிடம் தோற்றது. விலங்குச் சோதனை ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். தேறாததை ஒதுக்க உதவும், தேறியதற்குச் சான்றிதழ் ஆகாது.

அந்த மேலுறைப் புரதத்தை வைத்து உருவான ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2021-இலும், ஆர்21-ஐ 2023-இலும் பரிந்துரைத்தது. ஆர்21 புணேயின் சீரம் நிறுவனத்தில் தயாராகிறது.