கொட்டேஷனில் கையெழுத்துப் போடுமுன்

வல்லம் சாலைப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் புது நெட்வொர்க் போடப்போகிறீர்கள் என்று வையுங்கள். கம்பெனிக்காரர் தந்த கொட்டேஷனில் சூப்பர்வைசர், லைன் கார்டு (போர்ட்டுகள் உள்ள அட்டை), எஸ்எஃப்பி என்று ஒரு பக்கம் ஓடுகிறது. டீ வரட்டும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. எதில் எவ்வளவு விடுவது என்ற முடிவு அங்கேதான். வயலோர மடைக்கு அந்தக் கணக்கு வேண்டாம். வந்ததைத் தன் வயலுக்குத் திறந்துவிட்டால் போதும். நெட்வொர்க்கிலும் ஒரே வீலேனுக்குள் (நெட்வொர்க்கைப் பிரித்த ஒரு பகுதிக்குள்) கணினிக்குக் கணினி தகவல் கடத்துவது ஸ்விட்சிங். ஒரு வீலேனிலிருந்து இன்னொன்றுக்கோ இணையத்துக்கோ வழி பார்த்து அனுப்புவது ரூட்டிங். சாதாரண வளாகத்துக்கு சர்வர் அறையின் மைய ஸ்விட்ச்சில் ரூட்டிங் இருந்தால் போதும். மாடிக்கு மாடி வைக்கும் ஸ்விட்ச்சுக்கெல்லாம் ரூட்டிங் லைசென்ஸ் வாங்குவது தண்டச் செலவு.

மைய ஸ்விட்ச்சிலும் அளவு பார்க்க வேண்டும். சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் 6500 தொடரில், ஸ்விட்ச்சை இயக்கும் சூப்பர்வைசர் அட்டையின் மேல் உட்காரும் எம்எஸ்எஃப்சி வழிகளைக் கணக்கிடும். பிஎஃப்சி அட்டை பாக்கெட்டுகளைத் திருப்பிவிடும். பிஎஃப்சியின் வழிப்பட்டியலுக்கு எல்லை உண்டு. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக இணையத்தின் வழிகள் 512 கே எல்லையைத் தாண்டியபோது, அதற்கு மேல் இடம் ஒதுக்காத பழைய ரூட்டர்கள் பல இடங்களில் திணறின. ஆனால் ஒரே நிறுவனத்திடம் இணைய இணைப்பு வாங்கும் கல்லூரிக்கு அந்த முழுப் பட்டியலே தேவையில்லை. ஒரு டீஃபால்ட் ரூட் போதும். பெரிய பட்டியல் தாங்கும் விலையுயர்ந்த மாட்யூலை யாராவது தலையில் கட்டப் பார்த்தால், எதற்கு என்று கேளுங்கள்.

மிச்சமாகும் பணத்தை, மாடி ஸ்விட்ச்சிலிருந்து மைய ஸ்விட்ச்சுக்குப் போகும் அப்லிங்க்கில் போடுங்கள். 48 கிகாபிட் போர்ட்டுக்கு இரண்டு 10 கிகாபிட் அப்லிங்க் இருந்தால் நெருக்கடி 2.4-க்கு 1, இரண்டும் 1 கிகாபிட் என்றால் 24-க்கு 1. ஆன்லைன் தேர்வு நாளில் இந்த வித்தியாசம் தெரியும்.

தூரத்தைப் பொறுத்துத்தான் போர்ட்டில் செருகும் எஸ்எஃப்பி. செப்புக் கேபிள் 100 மீட்டர் வரை. 10 கிகாபிட் வேகத்தில் எஸ்ஆர் வகை, ஓஎம்3 ஃபைபரில் 300 மீட்டர்; எல்ஆர் வகை, சிங்கிள் மோடு ஃபைபரில் 10 கிலோமீட்டர். கட்டிடத்துக்குக் கட்டிடம் தூரம் குறைவென்றாலும் ஃபைபரே போடுங்கள். ஐப்பசி கார்த்திகை இடிமழையில் செப்புக் கம்பி வழியாக மின்னழுத்தம் பாய்ந்து போர்ட்டுகள் கருகும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

வைஃபை, கேமரா உண்டென்றால் ஸ்விட்ச் கேபிள் வழியே அவற்றுக்குத் தரும் பவரையும் கணக்கிடுங்கள். போர்ட்டுக்கு 30 வாட் வீதம் 48 போர்ட்டுக்கு 1,440 வாட். பல ஸ்விட்ச்சுகளின் பவர் சப்ளை அவ்வளவு தராது.

எந்தக் கட்டிடத்தில் எத்தனை பேர், அவர்களின் தகவல் எங்கே போகிறது என்பதை முதலில் ஒரு தாளில் வரையுங்கள். மாட்யூலுக்கு உற்பத்தியாளர் ஆதரவு எந்த ஆண்டு வரை என்பதை எழுத்தில் வாங்குங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.