பிரீமியம் கார்டு: இரண்டாவது வருஷமும் வச்சுக்கலாமா?

எஸ்பிஐ எலைட் கார்டுக்கு வருஷக் கட்டணம் 4,999 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தா 5,899. முதல் வருஷம் 5,000 ரூபாய் வவுச்சர் வருது, அதனால வலிக்காது. கேள்வியே இரண்டாவது வருஷம்தான்.

மதுக்கரைல இருந்து வேலைக்குப் போற ஒருத்தரை எடுத்துக்குவோம். பெங்களூருக்கு ரயில்தான். வருஷத்துல ஒரே ஒரு சிங்கப்பூர் ட்ரிப், அங்க கார்டுல 1 லட்சம் செலவு.

ஃபாரெக்ஸ் மார்க்கப்: சாதா கார்டுல 3.5%, இதுல 1.99%. ஜிஎஸ்டியோட மிச்சம் சுமார் 1,780.

லவுஞ்ச் 2 தடவை: வெளியே சாப்பிட்டிருந்தா ஆகியிருக்கும் 500 வீதம் 1,000.

மொத்தம் 2,780. இன்னும் 3,100 ரூபாய் இடிக்குது பாருங்க.

பாயின்ட்? ஃப்ரீ கார்டைவிடக் கூடுதலா வர்றதை மட்டும் எண்ணுங்க. கட்டணத் தள்ளுபடிக்காகத் தேவையில்லாம செலவு பண்ணாதீங்க. பில்லை முழுசாக் கட்ட முடியலைன்னா, வட்டியே எல்லா லாபத்தையும் தின்னுடும்.

கூட்டிப் பார்த்துட்டு ரினியூ பண்ணுங்க.