உங்களுக்குத் தெரியுமா? ஈயக் குண்டுக்கு ஏன் மெழுகுப் பூச்சு?

 18ஆம் நூற்றாண்டில் மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியோடு மோதிய கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழல் சுமார் 0.75 அங்குலம், அதற்குள் போன ஈய உருண்டை சுமார் 0.69 அங்குலம்தான். இடைவெளி தாராளம். மெழுகோ கொழுப்போ தேவைப்படவில்லை.

உட்புறம் திருகு வரி வெட்டிய ரைஃபிள் வந்ததும் நிலைமை மாறியது. 1853 மாதிரி என்ஃபீல்டின் குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568. ஈயம் மென்மையான உலோகம்; வரிகளில் உரசி ஒட்டிக்கொள்ளும். வெடிமருந்தின் கரிக் கசடு இறுகி, அடுத்த குண்டை இறங்க விடாது. மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சு அந்தக் கசடை இளக்கிக் குண்டுக்கு வழிவிட்டது.

அது பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா? 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டமில் இந்தக் கேள்வி கிளம்பியது. வாயால் கடித்துப் பிரிக்கும் தோட்டா அது; பசு இந்துக்களுக்குப் புனிதம், பன்றி முஸ்லிம்களுக்கு விலக்கு. சிப்பாய்களின் கலக்கம் முழுக்க நியாயமானது. தாங்களே மெழுகும் எண்ணெயும் கலந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசு அந்த மாதமே இறங்கிவந்தும், போன நம்பிக்கை திரும்பவில்லை.

அமெரிக்காவில் வீட்டிலேயே குண்டு வார்ப்போர் இன்றும் தேன்மெழுகுக் கலவையைப் பூசுகிறார்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.