நடையைப் பார்த்தே கண்டுபிடித்தார்!

பள்ளி விளையாட்டு விழாவில் முதலாவதாக ஓடி வருபவருக்குத்தான் எல்லோரும் கை தட்டுவோம். ஆனால், அனுபவமுள்ள பயிற்சியாளரின் கண்கள் வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும். அது என்ன தெரியுமா?

1976-ஆம் ஆண்டு. கேரளாவில் ஒரு பரிசளிப்பு விழா. அங்கே வந்திருந்த தடகளப் பயிற்சியாளர் ஓ.எம்.நம்பியார் ஒரு சிறுமியைக் கவனித்தார். அவரைக் கவர்ந்தது அவளுடைய ஒல்லியான உடலும் வேகமான நடையும்தான். ஆமாம், ஓட்டம் அல்ல, நடை! 'இவள் நல்ல ஓட்டக்காரியாக வருவாள்' என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். அந்தச் சிறுமிதான் பி.டி.உஷா!

நடையில் என்ன தெரியும்?

ஓடும் வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒரு அடியில் எவ்வளவு தூரம் தாண்டுகிறோம் என்பது ஒன்று. ஒரு விநாடியில் எத்தனை அடி வைக்கிறோம் என்பது இன்னொன்று. கால்கள் சுறுசுறுப்பாக இயங்குவது நடையிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் சேர்ந்து ஓடுவார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம்! மூத்தவர் உயரமாக, பலமாக இருப்பார்; எளிதில் ஜெயிப்பார். அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் இன்று ஜெயிப்பவரை மட்டும் பார்ப்பதில்லை. நாளை வளரக்கூடியவரையும் தேடுகிறார்கள்.

கண்டுபிடித்தால் போதுமா?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பார்கள். தெரிந்தால் மட்டும் போதுமா? தண்ணீர் ஊற்ற வேண்டாமா? கண்ணூரில் இருந்த விளையாட்டுப் பள்ளியில் உஷாவுக்குப் பயிற்சி கொடுத்தார் நம்பியார். பின்னாளில் உஷாவின் ஊரான பய்யோளியின் கடற்கரை மணலிலும் ஓட வைத்தார். மணலில் கால் புதையும். ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் பலம் தேவை. அதனால் கால்கள் உறுதியாகும்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் உஷா ஓடியபோது வயது 16. முதல் சுற்றிலேயே வெளியேறினார். நம்பியார் சோர்ந்துவிடவில்லை. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் உஷாவுக்கு வெள்ளி கிடைத்தது.

அடுத்து அவர்கள் குறி வைத்தது 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். பெண்களுக்கான அந்தப் போட்டி 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. மொத்தம் 10 தடைகள். வேகம் மட்டும் இருந்தால் போதாது. தடைகளுக்கு நடுவே எத்தனை அடி வைப்பது என்ற கணக்கும் தப்பக்கூடாது.

இறுதிப் போட்டியில் உஷா ஓடிய நேரம் 55.42 விநாடி. மூன்றாவதாக வந்தவர் 55.41 விநாடி. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு! கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. வெண்கலம் கை நழுவியது.

எத்தனை வருட உழைப்பு! ஆனாலும் இருவரும் ஓய்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 5 தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்டது. அதை முதலில் பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.

மாணவியே ஆசிரியை!

2002-இல் உஷா தம் பெயரில் தடகளப் பள்ளி தொடங்கினார். அங்கே அவரிடம் பயிற்சி பெற்ற டின்ட்டு லூகா, 2014 ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். நம்பியாரிடம் கற்றதை உஷா அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டார்.

சரி, அடுத்த விளையாட்டு விழாவில் நீங்கள் கடைசியாக வந்தால்? வருத்தப்படாதீர்கள். உங்கள் விளையாட்டு ஆசிரியரிடம் போய், "சார், எனக்கு எந்த விளையாட்டு சரிப்படும்?" என்று கேளுங்கள். ஓட்டத்தில் பின்தங்கியவர் நாளை உயரம் தாண்டுவதில் கலக்கலாம். ஆனால், மறுநாள் காலை மைதானத்துக்கு வர மறந்துவிடாதீர்கள்!